தலையாட்டும் ஃபேனும் இரண்டு வேலுச்சாமிகளும்

போன வாரம் என் தங்கை மகன் ஒரு சாமான் வாங்கினான். சோப்பு டப்பா அளவு இருக்கும். மேலே ஒரு வட்டத் தட்டு. அதன்மேல் மவுஸை வைத்துவிட்டால் தட்டு மெல்லச் சுற்றி மவுஸை அசைத்துக்கொண்டே இருக்குமாம். அவன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன். மவுஸ் அசையாவிட்டால் கம்ப்யூட்டர் தூங்கிவிடும். கம்ப்யூட்டர் தூங்கினால் இவன் தூங்குவது பெங்களூரில் இருக்கும் மேனேஜருக்குத் தெரிந்துவிடும். ஆகவே கம்ப்யூட்டரை முழித்திருக்கச் சொல்லிவிட்டு இவன் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறான். "எப்படி மாமா ஐடியா?" என்றான். நானும் சிரித்தேன். இதையெல்லாம் நாங்கள் அந்தக் காலத்திலேயே டேபிள் ஃபேனில் செய்துவிட்டோமடா என்று சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டேன். ஃபேனைப் பற்றிச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குச் சிங்காநல்லூரில் ஒரு புண்ணாக்குக் கடையின் மாடியில் வேலை. வாசலில் 'இன்டர்நெட் சென்டர்' என்று போர்டு. உள்ளே வந்தால் ஒரு எஸ்டிடி பூத், அதன் கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு நான். கீழேயிருந்து கடலைப் புண்ணாக்கு வாசம் படியேறி வந்து மேசை, நாற்காலி, என் சட்டை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப வருகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டே டைப் அடிக்கச் சொல்வார்கள். இன்றைக்கும் மாட்டுத் தீவனக் கடையைத் தாண்டிப் போனால் எல்லாருக்கும் மாடு ஞாபகம் வரும், எனக்கு மோடம் ஞாபகம் வரும். அந்தக் கீச்சுக் கத்தல் காதுக்குள் அப்படியே கேட்கும்.

முதலாளி துரையண்ணன் நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். மில் மூடியதும் பூத் வைத்தார். பிறகு ஊரோடு ஒத்துப்போய் கம்ப்யூட்டரும் வாங்கினார். அதை ஜோடித்துக் கொடுத்த பையன் கரண்ட் மிச்சமாகட்டும் என்று உள்ளே ஏதோ ஏற்பாடு செய்து வைத்திருந்தான். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தூங்கிப்போகும். அது தூங்கினால் மோடமும் தூங்கும், டெலிபோன் லைன் அறுந்துவிடும். அந்த ஏற்பாட்டை மாற்றப் போனால் பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டு தெரிந்த அந்தப் பையனோ சிங்கப்பூர் போய்விட்டான். நான் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவன்; என் அம்மா அந்த சர்டிபிகேட்டை பிரேம் போட்டுச் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருந்தாள். அந்தத் தைரியத்தில் துரையண்ணன் சம்சாரத்தின் பெயர், மகள்கள் பெயர், முருகனின் பெயர்கள் என்று வரிசையாக அடித்துப் பார்த்தேன். முருகனுக்குப் பெயர்கள் தீர்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது துரையண்ணன். மில்காரன் மூளை நூலைத் தாண்டிப் போகுமா? டேபிள் ஃபேனின் கம்பிக் கூட்டில் ஒரு நூலைக் கட்டி மவுஸில் இணைத்தார். மவுஸின் மறுபக்கத்தில் ஒரு ரப்பர் பேண்டு, அது மேசை டிராயரின் கைப்பிடியில். ஃபேன் தலையை அந்தப் பக்கம் திருப்பினால் மவுஸ் கூடவே போகும். இந்தப் பக்கம் திரும்பினால் ரப்பர் இழுத்துக்கொள்ளும். பெரிய ஃபைல் ஏதாவது இறங்கும்போது நூலைக் கட்டிவிட்டு நான் கீழே டீ குடிக்கப் போய்விடுவேன். "கம்ப்யூட்டருக்குக் கடிவாளம் போட்டுட்டேன் பாத்தியா" என்று துரையண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

இதில் ஒரே ஒரு கோளாறு. மத்தியானத்துக்கு மேல் சுற்றுவட்டாரத்து லேத்துப் பட்டறைகள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்து எப்படியோ கம்ப்யூட்டரைக் காப்பாற்றிவிடும். ஃபேன் மட்டும் முனகிக்கொண்டு நிற்கும், தலையைத் திருப்பாது. அப்போது மவுஸைக் கையால்தான் ஆட்ட வேண்டும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் கடையைத் திறந்ததும் ஒரு ஏஜெண்டு போன் செய்தார். மஸ்கட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். அந்தக் காலத்தில் எங்கள் சென்டரின் மெயில் முகவரிதான் பாதி ஏரியாவுக்கே முகவரி, அவருக்கும் அதுதான். எப்போதும் அதட்டிப் பேசுகிறவர், அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது.

"தம்பி, அங்க கட்டற கட்டடத்துல சாரம் சரிஞ்சு போச்சாம். ஆர். வேலுச்சாமின்னு ஒருத்தன் செத்துப்போனான்னு மட்டும் சொன்னாங்க. நான் அனுப்புனதுல ரெண்டு ஆர். வேலுச்சாமி இருக்கறான். எவன்னு கேட்டா போட்டோ அனுப்பிச்சிருக்கறோம், பாத்துக்கோன்னு போனை வெச்சுட்டான். இன்னைக்கு அங்க லீவு, ஆரும் எடுக்க மாட்டேங்கறாங்க. ரெண்டு ஊட்டுக்காரங்களையும் அங்க வரச் சொல்லியிருக்கறேன். காட்டிப்போடு."

"நீங்க வல்லீங்களா?"

"என்னால முடியாது தம்பி."

எங்கள் பக்கத்தில் வேலுச்சாமி என்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பன் பேர் ராமசாமியோ ரங்கசாமியோவாகத்தான் இருக்கும். எத்தனையோ கல்யாணப் பத்திரிகை மாறிப்போய்ச் சிரித்திருக்கிறோம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மத்தியானம் இரண்டு குடும்பமும் வந்தது. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ராமாத்தாள் என்ற அம்மாள், ஐம்பதைத் தாண்டியவள், தடித்த கண்ணாடி. அவள் மகன் ஒரு வேலுச்சாமி. பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கலாமணி என்ற இளம்பெண். அவள் புருஷன் இன்னொரு வேலுச்சாமி. ராமாத்தாளின் வீட்டுக்காரரும் கலாமணியின் அண்ணனும் படியேறி வர மாட்டோம் என்று கீழே டீக்கடையில் நின்றுவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள், ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரே நாற்காலி. "நீங்க உக்காருங்கம்மா" என்றாள் கலாமணி. "இல்ல அம்மணி, நீ உக்காரு, தூரத்துல இருந்து வந்திருக்கறே" என்றாள் ராமாத்தாள். "ஐயோ, நீங்க பெரியவங்க." "அட, நீ உக்காரு கண்ணு." எங்கள் ஊர் மரியாதை உலகப் பிரசித்தம். ஆனால் அன்றைக்கு அது மரியாதை இல்லை. அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்களோ அவர்கள் வீட்டுக்குத்தான் சாவு போகும் என்பது போல இரண்டு பேரும் பின்வாங்கினார்கள். நான் நாற்காலியை ஒதுக்கிவிட்டு பெஞ்சை இழுத்துப் போட்டேன்.

மெயிலைத் திறந்து போட்டோவை அமுக்கினால் அது மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். அங்கே யாரோ ஒரு புண்ணியவான் முழுத் தாளையும் ஸ்கேன் செய்து ராட்சச ஃபைலாக அனுப்பியிருந்தான். தாளின் மேல்பாதி வெறும் வெள்ளை, அதில் அரபி எழுத்தில் ஒரு தலைப்பு. பாஸ்போர்ட் போட்டோ அதற்கும் கீழே. பாதியில் லைன் அறுந்தால் மறுபடியும் வெள்ளையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை லைன் கிடைத்தபோது வோல்டேஜ் இறங்கி ஃபேன் நின்றுபோனது. நான் கையால் ஆட்டத் தொடங்கினேன். பூத்துக்குத் தனி லைன்; அந்நேரம் பார்த்து அதில் பேச ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"இதை ஆட்டாட்டி என்னாகும் கண்ணு?" என்றாள் ராமாத்தாள்.

"தூங்கிப்போகுங்கம்மா. படம் நின்னுபோகும்."

"குடு, நான் ஆட்டறேன்." வாங்கிக்கொண்டாள். இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஊருல தூங்க வெக்கத்தான் ஆட்டுவாங்க. இது தூங்காம இருக்க ஆட்டோணுமாக்கும்" என்றாள்.

பூத்தில் இருந்தவர் போன பிறகும் மவுஸை அவள் எனக்குத் திருப்பித் தரவில்லை. கைக்கு வேலை இருந்தால் நல்லது என்று நானும் விட்டுவிட்டேன். கை வலித்தால் கலாமணி வாங்கி ஆட்டினாள், பிறகு மறுபடி ராமாத்தாள். திரையில் வெள்ளை இறங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல் பேச்சு வந்தது. தன் மகன் போகும்போது பருப்புப் பொடியைப் பொட்டலம் கட்டி உடுப்புக்குள் மறைத்து எடுத்துப் போனதை ராமாத்தாள் சொன்னாள். கலாமணி கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தாள்.

"அவருக்கு முன்நெத்தியில ரெட்டைச் சுழிங்கம்மா. எத்தனை எண்ணெ வெச்சுச் சீவுனாலும் முடி ரெண்டு பக்கமும் எந்திரிச்சு நிக்கும். ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு பொண்டாட்டின்னு எங்கம்மா பொண்ணே குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

ராமாத்தாள் சிரித்துவிட்டாள். கலாமணியும் சிரித்தாள். பிறகு இருவரும் சட்டென்று வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ராமாத்தாளின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. "ஆத்தா, என்ற பையனா இருக்க..." என்று தொடங்குவாள், பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள், அப்படியே விழுங்கிவிடுவாள். பாதியில் நிற்கிற அந்த வேண்டுதலை அன்றைக்கு எத்தனையோ முறை கேட்டேன். அதைவிடக் கொடுமையான ஒன்றை நான் பிறகு கேட்டதில்லை.

அரபி எழுத்துகள் இறங்கின. போட்டோவின் விளிம்பு வந்தது. நீலப் பின்னணி. பிறகு முடி. கறுப்பாக, கோடு கோடாக. ராமாத்தாள் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குக் கறுப்பாக ஏதோ வருகிறது என்பதற்கு மேல் தெரியவில்லை. என் கண் மோடத்தின் விளக்குகள் மேலேயே இருந்தது, அவை அணைந்துவிடுமோ என்று. நெற்றி பாதி வந்திருக்கும். கலாமணி எழுந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். பையை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், படியிறங்கிப் போய்விட்டாள்.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் "வாரேனுங்க" என்று சொல்லாமல் படியிறங்க மாட்டோம். கடைக்காரனிடம்கூடச் சொல்வோம். சொல்லாமல் கிளம்புவது ஒரே ஒரு இடத்திலிருந்துதான், எழவு வீட்டிலிருந்து.

ராமாத்தாளின் முகம் வெளுத்துப்போனது. "அந்தப் புள்ள சொல்லாமப் போகுதே கண்ணு" என்றாள். எனக்கும் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். அந்தப் பெண் முடியைப் பார்த்திருக்கிறாள். தன் புருஷன் இல்லை என்று தெரிந்துகொண்டாள். அப்படியென்றால் இந்த மாடி ராமாத்தாளின் எழவு வீடு. அதுதான் சொல்லாமல் போகிறாள். எவ்வளவு முறையாக நடந்துகொண்டாள் பாருங்கள் என்று அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு கசப்புகூட வந்தது.

நானே ஆட்டுகிறேன் என்று கையை நீட்டினேன். ராமாத்தாள் தரவில்லை. ஆட்டுவதை நிறுத்தவும் இல்லை. நிறுத்தியிருந்தால் படம் நின்றிருக்கும். இன்னும் ஒரு நாள், அங்கே லீவு முடியும் வரைக்கும், அவளுக்கு மகன் இருந்திருப்பான். நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேன். அவள் ஆட்டி ஆட்டித் தன் மகனின் சாவைத் தானே கோடு கோடாக இறக்கிக்கொண்டிருந்தாள். புருவம் வந்தது. கண் வந்தது. மூக்கு, மீசை, வாய். ராமாத்தாள் மூக்குக் கண்ணாடி திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்தாள்.

"இது என்ற பையன் இல்ல" என்றாள்.

அப்போதுதான் நான் முடியைப் பார்த்தேன். முன்நெற்றியில் இரண்டு பக்கமும் எழுந்து நின்றது.

ராமாத்தாளுக்குச் சந்தோஷம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், உடம்பெல்லாம் தளர்ந்து ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "ஏனுங்க! நம்ம பையன் இல்லீங்க! அந்தப் பொள்ளாச்சிப் புள்ளயப் புடிங்க, ஓடுங்க!" அவர் செருப்பை விட்டுவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓடினார்.

அவ்வளவுக்கும் அவள் மவுஸை விடவில்லை.

"போதுங்கம்மா, படம் வந்துருச்சு. இனி ஆட்ட வேண்டாம்."

"ஆட்டாட்டி?"

"ஸ்கிரீன் இருட்டாயிரும். அவ்வளவுதான்."

"அப்ப எப்படி உடறது? அந்தப் புள்ள வர்ற வரைக்கும் ஆராவது ஒருத்தர் முழிச்சிருக்கோணுமல்ல. ஒத்தையில உடக்கூடாது கண்ணு."

பிணத்தைத் தனியாக விடக்கூடாது என்பது எனக்கும் தெரியும். எடுக்கும்வரை யாராவது பக்கத்தில் கண்விழித்து இருக்க வேண்டும். ஆனால் நாலு விரற்கடைப் படத்துக்கு ஒருத்தி அப்படி இருப்பாள் என்று நான் நினைத்ததில்லை. யாரோ பெற்ற பிள்ளைக்கு, மவுஸை ஆட்டிக்கொண்டு, அவள் இருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் துரையண்ணன் வந்தார். வெள்ளிக்கிழமை பூஜைக்குச் சாம்பிராணியும் பூவும் கையில். திரையையும் ராமாத்தாளையும் பார்த்தார். நான் இரண்டு வார்த்தையில் சொன்னேன். சாம்பிராணியைக் கீழே வைத்தார். சாமி படத்துக்கு ஏற்றும் சின்ன விளக்கை எடுத்து, ஏற்றி, கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

கலாமணியைக் கூட்டிவந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாளாம். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. செத்தது வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டு அவன் அவளுக்குப் பன் வாங்கப் போயிருந்தான். அந்தப் பன் அவன் கையில் அப்படியே இருந்தது.

"ஏன் அம்மணி சொல்லாமப் போனே?" என்றாள் ராமாத்தாள்.

"நீங்க பக்கத்துல உக்காந்து உங்க பையனுக்காக வேண்டிக்கிட்டிருந்தீங்க. உங்களுக்கு முன்னால எப்படிங்கம்மா அழறது?"

ராமாத்தாள் எழுந்து இடம் கொடுத்தாள். இந்த முறை கலாமணி மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்தாள். மவுஸை வாங்கிக்கொண்டாள். இடது கையால் திரையில் அந்த முடியைத் தடவி, இரண்டு பக்கமும் படியச் சீவுவது போலச் சீவினாள். அழவில்லை. அப்போது கரண்ட் போனது. யுபிஎஸ் பீப் பீப்பென்று கத்தத் தொடங்கிற்று. அது கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்று துரையண்ணன் மெதுவாகச் சொன்னார்.

ராமாத்தாள் அவள் தோளில் கை வைத்தாள். "எடுக்கற நேரமாச்சு கண்ணு. நல்லாப் பாத்துக்கோ."

கலாமணி பார்த்தாள். மவுஸை ஆட்டிக்கொண்டே பார்த்தாள். திரை அணைந்தது. அதன் பிறகும் கொஞ்சம் ஆட்டினாள். அப்புறம்தான் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுக் கீழே புண்ணாக்குக் கடையில் எடை போடுவதை நிறுத்தினார்கள்.

உடம்பு பல வாரம் கழித்துப் பெட்டியில் வந்ததாம். திறக்கக் கூடாது என்று சொல்லி அப்படியே அடக்கம் செய்தார்களாம். ராமாத்தாள் போயிருந்தாள். அவள் மகன் அங்கே கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தான்; அவனுக்குப் போன் போட எங்கள் பூத்துக்கு வந்தபோது சொன்னாள். "அந்தப் புள்ள அவன் மொகத்தக் கடைசியாப் பாத்தது அன்னைக்கு இங்க பாத்ததுதான் கண்ணு." போகும்போது மறக்காமல் "வாரேனுங்க" என்றாள்.

இப்போது அந்தப் புண்ணாக்குக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். எஸ்டிடி பூத் என்றால் என் மருமகனுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். துரையண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய சாவுக்குப் போனபோதுதான் கேட்டேன், அந்தக் கம்ப்யூட்டரை உக்கடத்தில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அந்தப் படத்தை நான் அழித்ததே இல்லை. ரெட்டைச் சுழியோடு ஒருவன் அதற்குள் இருந்தான். கூட இருக்க யாருமில்லாமல் எடைத் தராசில் ஏறிப் போய்விட்டான்.

நேற்று மத்தியானம் மருமகன் அறைக்குப் போனேன். அவன் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். மேசைமேல் தட்டு தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திரை பளிச்சென்று முழித்திருந்தது. அதில் ஒன்றுமில்லை, வெறும் நீலம். ராமாத்தாள் இதைப் பார்த்திருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "ஆளே இல்லாம ஆடுதே கண்ணு, இது ஆருக்காக முழிச்சிருக்குது?"